தன்மையும் படர்க்கையும்: வீடியோ விளையாட்டில் சண்டை நடக்கும் விதம்

(பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி)

தமிழ் இலக்கண வகுப்பில் தன்மை, முன்னிலை, படர்க்கை என்னும் மூவிடங்களைப் படித்திருக்கிறோம். ‘நான்’ என்பது தன்மை, ‘நீ’ என்பது முன்னிலை, ‘அவள்’ என்பது படர்க்கை. நம் வீட்டுத் தம்பிமார்கள் கைப்பேசியிலும் கணினியிலும் ஆடும் சண்டை விளையாட்டுகளும் இதே இலக்கணப்படிதான் பிரிகின்றன என்றால் வியப்பாக இருக்கிறதல்லவா? அவர்கள் ‘பஸ்ட் பெர்சன்’ என்பது தன்மை; ‘தேர்ட் பெர்சன்’ என்பது படர்க்கை. முன்னிலை எங்கே போயிற்று என்று கேட்பீர்களாயின், எதிரே துப்பாக்கியை நீட்டிக்கொண்டு நிற்கிறானே, அவன்தான் முன்னிலை!

பெற்றோர் பலர் இவ்விளையாட்டுகள் அனைத்தையும் ‘சுடுற கேம்’ என்று ஒரே சொல்லில் அடக்கிவிடுகின்றனர். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. சமையலறை வாயிலிலிருந்து எட்டிப் பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும், ஒன்றுபோலத்தான் இரையும். ஆனால் பார்க்கும் கண்ணை எங்கே வைக்கிறோம் என்பதைப் பொறுத்துச் சண்டையின் விதிகளே மாறிவிடுகின்றன. அதனை இயன்றவரை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் தன்மை நோக்கை எடுத்துக்கொள்வோம். இதில் காமிரா வீரனின் கண் இருக்கும் இடத்திலேயே அமைகிறது. திரையில் நமக்குத் தெரிவது இரண்டு கைகளும் ஓர் ஆயுதமும் மட்டுமே. நமக்கு முகமும் இல்லை, முதுகும் இல்லை. அமெரிக்காவின் இட் சாஃப்ட்வேர் என்னும் நிறுவனம் 1992-இல் ‘உல்ஃபென்ஸ்டைன் 3டி’யையும் 1993-இல் ‘டூம்’ என்பதையும் வெளியிட்ட பிறகு இவ்வகை உலகெங்கும் பரவிற்று.

இதிலே திரையின் நடுப்புள்ளியே குறி. பல விளையாட்டுகளில் துப்பாக்கிக் குண்டு என்பது பறந்து செல்லும் ஒரு பொருளே அன்று. விசையை அழுத்திய அந்தக் கணத்திலேயே கணினி, கண்ணிலிருந்து நடுப்புள்ளி வழியாக ஒரு நேர்கோட்டை இழுக்கிறது. கணிதப் பாடத்தில் ‘கதிர்’ என்று படிக்கிறோமே, அதேதான். ஒரு முனை உண்டு, மறுமுனை இல்லை. அக்கோடு முதலில் யார்மீது முட்டுகிறதோ அவருக்கு அடி. எதிரியின் உருவத்தைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத பெட்டிகள் பொருத்தப்பட்டிருக்கும். தலைப் பெட்டியில் பட்டால் இழப்பு அதிகம், காலில் பட்டால் குறைவு. வேறு விளையாட்டுகளில் குண்டுக்கு வேகமும் உண்டு. புவியீர்ப்பால் அது கீழே இறங்கவும் செய்யும். அப்போது தொலைவில் இருப்பவனுக்குச் சற்று மேலேயும், ஓடுகிறவனுக்குச் சற்று முன்னாலும் குறிவைக்க வேண்டும். மாங்காய் அடித்துப் பழகியவர்களுக்கு இதை நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஒவ்வோர் ஆயுதத்துக்கும் எட்டும் தொலைவு இவ்வளவு என்று விளையாட்டை அமைப்பவர் வரையறுத்துவிடுவார். அந்த எல்லையைத் தாண்டினால் அடியின் வலிமை குறைந்துகொண்டே போகும். ஓர் ஆயுதம் எட்டும் தொலைவே விதியாகிவிடும் இந்த வழக்கம் கடலூர்க்காரர்களாகிய நமக்குப் புதிதன்று. 1690-ஆம் ஆண்டு ஆங்கிலக் கம்பெனியார் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கினர். கோட்டையோடு எவ்வளவு நிலம் சேரும் என்பதற்கு அவர்கள் சங்கிலி பிடித்து அளக்கவில்லை. பீரங்கிக் குண்டு போய் விழும் தொலைவு வரையில் என்று பேசிக்கொண்டு, நாற்புறமும் சுட்டு எல்லை வகுத்தனர். அவ்வாறு உட்பட்ட ஊர்கள் ‘குண்டு கிராமங்கள்’ எனப் பெயர் பெற்றன. குண்டு உப்பலவாடி என்னும் ஊர்ப்பெயர் இன்றும் வழங்குகிறது. அந்தக் குண்டு எங்கே விழ வேண்டும் என்று அவ்வூர் மக்களை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. புனித டேவிட் கோட்டை என்று நாம் பாடத்தில் படிப்பது இதுவே.

இனிப் படர்க்கை நோக்கு. இதிலே காமிரா வீரனுக்குப் பின்னால், தோளுக்குச் சற்று மேலே மிதந்துகொண்டிருக்கும். ஆகவே நம் வீரனை முழு உருவமாகக் காண்கிறோம். 2005-இல் ஜப்பானிலிருந்து வந்த ‘ரெசிடென்ட் ஈவில் 4’ இந்தத் தோள்வழிப் பார்வையைப் பெரிதும் பரப்பியது. கேட்பதற்கு எளிதாகத் தோன்றினாலும் இதில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. பார்ப்பது காமிரா, சுடுவது துப்பாக்கி. இரண்டும் ஒரே இடத்தில் இல்லை. எனவே கணினி இரண்டு கோடுகள் இழுக்க வேண்டியிருக்கிறது. காமிராவிலிருந்து குறிப்புள்ளி வழியாகச் செல்லும் முதற்கோடு எங்கே முட்டுகிறது என்று பார்த்துக்கொண்டு, பின்னர்த் துப்பாக்கி முனையிலிருந்து அந்த இடத்திற்கு இரண்டாவது கோட்டை இழுக்கும். சில வேளைகளில் முதற்கோடு சுவரின் மூலையைத் தாண்டிவிடும், இரண்டாவது கோடு தாண்டாது. குறி எதிரியின்மேல் இருக்கும், குண்டோ நம் பக்கத்துச் சுவரிலேயே பாயும். விளையாடுகிறவன் ‘கேம் சரியில்லை’ என்று கைப்பேசியைத் தட்டுவான். கேம் சரியாகத்தான் இருக்கிறது; வடிவியல்தான் அவனைக் கைவிட்டது.

இதைவிடப் பெரிய விளைவு ஒன்று உண்டு. வீரன் சுவருக்குப் பின்னே முழுவதும் மறைந்து நிற்கையிலும், அவன் தலைக்கு மேலே மிதக்கும் காமிரா சுவருக்கு அப்பால் பார்த்துவிடும். எதிரி வருவது இவனுக்குத் தெரியும். இவன் இருப்பது எதிரிக்குத் தெரியாது. என் தம்பி ஒருநாள் பெருமையோடு, “அக்கா, நான் ஒளிஞ்சிருந்தாலும் அவன் வர்றது எனக்குத் தெரியுது பாரு!” என்று காட்டினான். அருகில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த எங்கள் ஆயா, “அப்ப இது அழுகுணி ஆட்டம்டா” என்றார். வீடியோ விளையாட்டு ஒன்றைக்கூடத் தொட்டறியாத ஆயா சொன்ன இந்தக் குறையைத்தான் உலகெங்கும் ஆடுவோர் சொல்லிவந்தனர். 2017-இல் வெளிவந்த பப்ஜி விளையாட்டு படர்க்கை நோக்கில் தொடங்கியது. இக்குறை வலுத்ததால் அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்திலேயே தன்மை நோக்கில் மட்டும் ஆடுவதற்கெனத் தனிக் களங்களை அமைத்தனர். அங்கே எட்டிப் பார்க்க வேண்டுமானால் தலையை நீட்டியே தீர வேண்டும். நீட்டினால் எதிரியும் பார்ப்பான். துப்பாக்கிச் சண்டைக்குத் தன்மை நோக்கே நேர்மையானது என்பது என் கருத்து.

(பப்ஜியின் கைப்பேசி வடிவம் 2020 செப்டம்பரில் நம் நாட்டில் தடை செய்யப்பட்டதும், 2021 ஜூலையில் அது வேறு பெயரில் வந்து 2022-இல் மீண்டும் நீக்கப்பட்டு 2023 மே மாதத்தில் திரும்பியதும் எல்லா வீட்டாரும் அறிந்த கதை. திரும்பி வந்தபோது 18 வயதுக்கு உட்பட்டவர்க்கு நாளொன்றுக்கு 3 மணி நேரம் என்று வரம்பு வைத்தார்கள். எங்கள் வீட்டு வரம்பு அரை மணி நேரம். அந்த அரை மணியும் தம்பிக்கே போய்விடுகிறது என்பதை இங்கே பணிவோடு குறித்து வைக்கிறேன்.)

துப்பாக்கியை விட்டுக் கம்பும் வாளும் எடுத்தால் நிலைமை தலைகீழாகிறது. கைக்கெட்டும் சண்டையில் காலடிதான் முக்கியம். தன்மை நோக்கிலோ காலே தெரிவதில்லை! பக்கவாட்டில் வருகிறவனும் தெரியமாட்டான். போதாதற்கு, கண் அசைவைக் காண்கிறது, உட்செவியோ உடல் அசையவில்லை என்கிறது. இந்த முரண்பாட்டால் சிலருக்குத் தலைசுற்றலும் குமட்டலும் வருகின்றன. ஆகையால் வாட்போர் விளையாட்டுகளில் பெரும்பாலானவை படர்க்கை நோக்கையே நாடுகின்றன.

அதிலும் ஒரு தொல்லை இருந்தது. முப்பரிமாண வெளியில் எதிரியை நோக்கியே திரும்பி நிற்பது கடினம். வீசிய வாள் காற்றைத்தான் வெட்டும். 1998-இல் வந்த ‘செல்டா: ஒக்கரினா ஆஃப் டைம்’ விளையாட்டை உருவாக்கிய நின்டெண்டோ நிறுவனத்தார், கியோட்டோ நகரிலுள்ள திரைப்படப் பூங்காவில் ஒரு சண்டைக் காட்சியைக் கண்டார்கள். சங்கிலி கட்டிய அரிவாளை வீசியவன், அந்தச் சங்கிலியால் இழுபட்டவனாய் மற்றவனைச் சுற்றி வந்தானாம். அதிலிருந்து, ஒரு விசையை அழுத்தினால் காமிராவும் வீரனும் ஓர் எதிரியோடு கட்டுண்டு, அவனையே சுற்றிவரும் முறையை உண்டாக்கினர். பலர் சூழ்ந்து நின்றாலும் ஒவ்வொருவராகவே தாக்க வருவதையும் அந்தக் காட்சியில் அவர்கள் கவனித்தார்கள். இதற்குக் கியோட்டோ வரை போயிருக்க வேண்டியதில்லை! எம்.ஜி.ஆர். படம் ஒன்றைப் பார்த்திருந்தாலே போதும். பத்து அடியாட்கள் வட்டமாக நின்று கையைக் காலை ஆட்டிக்கொண்டு தங்கள் முறைக்குக் காத்திருப்பார்களே!

படர்க்கை நோக்கில் ஒவ்வோர் அடியும் மூன்று பகுதிகளாக அமைகிறது: ஓங்குதல், படுதல், மீளுதல். திரையில் நொடிக்கு 60 படங்கள் ஓடுவதாகக் கொள்வோம். ஓங்குவதற்கு 12 படங்கள் என்றால் அது 0.2 நொடி. அந்தச் சிறு பொழுதுதான் எதிராளிக்குக் கிடைக்கும் அறிவிப்பு. வலுவான அடிக்கு ஓங்கும் நேரமும் மீளும் நேரமும் நீளம். தவறவிட்டால் திருப்பி வாங்க வேண்டியதுதான். 2011-இல் வந்த ‘டார்க் சோல்ஸ்’ போன்றவற்றில், உருண்டு விலகும்போது குறிப்பிட்ட சில படங்களுக்கு மட்டும் அடி படாது. ஆகவே விரல் வேகத்தைவிட எதிராளியின் உடலைப் படிக்கும் பொறுமையே அங்கு வெல்கிறது.

உடலைப் படிப்பதைப் பற்றிப் பேசுகையில் சிதம்பரத்தை விட்டுவிட முடியாது. சென்ற ஆண்டு எங்கள் வகுப்பினர் அங்கே கல்விச் சுற்றுலா சென்றோம். நடராசர் கோயிலின் கிழக்கு, மேற்குக் கோபுர வாயில்களின் உட்சுவர்களில் 108 கரணங்கள் செதுக்கப்பட்டு, நாட்டிய சாத்திரச் செய்யுட்களும் பொறிக்கப்பட்டுள்ளன. நிற்கும் நிலை, கையின் அசைவு, காலின் அசைவு மூன்றும் சேர்ந்தது ஒரு கரணம். அவற்றைக் கோத்தால் ஆடல் பிறக்கிறது. விளையாட்டில் வரும் உருவங்களின் அசைவுகளையும் இப்படித்தான் சிறுசிறு துண்டுகளாக உருவாக்கி வைத்து, ஒன்றின் முடிவை அடுத்ததன் தொடக்கத்தோடு இணைக்கிறார்கள். இதில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி யாதெனில், இக்கரணங்கள் நடனத்துக்கு மட்டுமன்றிப் போருக்கும் மற்போருக்கும் உரியவை என்று பரத முனிவரே கூறியிருப்பதுதான்.

நம் நாட்டிலேயே செய்யப்பட்ட விளையாட்டு ஒன்றும் இவ்வகையில் உண்டு. புனேயிலுள்ள நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ் நிறுவனம் 2020-இல் வெளியிட்ட ‘ராஜி’. வித்தை காட்டிப் பிழைக்கும் ஒரு சிறுமி, அசுரரிடம் அகப்பட்ட தம்பியைத் தேடிச் செல்கிறாள். காமிரா அவளைத் தொலைவிலிருந்தே காட்டுகிறது. தூணைப் பற்றிச் சுழல்வதும், சுவரில் ஓடித் திரும்பித் திரிசூலத்தால் தாக்குவதும் முழு உடல் தெரிந்தால்தானே விளங்கும்? அவ்வாண்டின் உலக அளவிலான ‘கேம் அவார்ட்ஸ்’ விருதுகளில் சிறந்த அறிமுக விளையாட்டுக்கான பரிந்துரைப் பட்டியலிலும் அது இடம்பெற்றது. தன்மை நோக்கில் செய்திருந்தால், சண்டையிடுபவள் ஒரு பெண் என்பதே பாதி நேரம் மறந்துபோயிருக்கும். தம்பியிடம் இதைச் சொன்னேன். அன்று ஒரு நாள் மட்டும் அரை மணி நேரம் எனக்குக் கிடைத்தது.

நான் இரண்டாண்டுகளாகச் சிலம்பம் கற்றுவருகிறேன். “பெண் பிள்ளைக்கு எதற்குக் கம்பு?” என்று கேட்ட உறவினர்கள், 2024 சனவரியில் தமிழகத்தில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டியில் சிலம்பமும் காட்சி விளையாட்டாகச் சேர்க்கப்பட்ட பிறகு சற்று அடங்கியிருக்கிறார்கள். சிலம்பத்தில் எதிரி கம்பை வீசினால் அதன் முழு நீளமும் கண்ணுக்குத் தெரியும். நேராக முகத்தை நோக்கிக் குத்தினாலோ, ஆளுயரக் கம்பு காசளவு வட்டமாகச் சுருங்கித் தெரியும். எவ்வளவு அருகில் வந்துவிட்டது என்பதைக் கண்ணால் கணிப்பது அரிது. தன்மை நோக்கில் வாட்போர் கடினமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். பக்கவாட்டில் நிற்பவருக்கோ அதே கம்பு முனையிலிருந்து முனைவரை தெரியும். இருவர் மோதிப் பழகும்போது எங்கள் ஆசான் யாருக்கும் நேர் எதிரே நிற்பதில்லை. ஒருத்தியின் தோளுக்குப் பின்னே, நான்கைந்தடி தள்ளி, சற்று வலப்புறமாக நின்றுகொண்டு, “காலைப் பார், காலைப் பார்” என்று குரல் கொடுப்பார். படர்க்கைக் காமிரா நிற்கும் இடமும் ஏறக்குறைய அதுவேதான்.