வீடு மாறிய நீலக்குருவி

கொடைக்கானலுக்கோ ஊட்டிக்கோ போனால் நாம் என்ன செய்கிறோம்? ஏரியில் படகு விடுகிறோம், சாக்லேட் வாங்குகிறோம், சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு 'அப்பாடா, என்ன குளிர்!' என்கிறோம். அடுத்த தடவை போகும்போது சந்தடியை விட்டு விலகி, ஒரு சோலைக் காட்டின் ஓரமாகச் சற்று நில்லுங்கள். அதிகாலையில் உள்ளேயிருந்து மெல்லிய சீழ்க்கை ஒலி வரலாம். பாடகரைக் காண்பதுதான் கஷ்டம். புதர் நிழலில், தரையோடு தரையாகத் தத்தித் திரியும் கருநீலக் குருவி அது. சிட்டுக்குருவியைவிடச் சற்றே பெரிது, அவ்வளவுதான்.

இந்தச் சின்னஞ்சிறு பறவைக்கு எந்தக் குடும்பத்தின் பெயரைச் சூட்டுவது என்று அறிஞர்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல! சென்னைப் பட்டாளத்தில் வைத்தியராக இருந்த ஜெர்டன், 1840-களில் நீலகிரிக் குருவியைச் செவ்வால் குருவிகளோடு சேர்த்தார். 1868-ல் பிளான்போர்டு என்பவர் பழனி மலைக் குருவிக்குத் தனிப் பெயர் கொடுத்தார். பிறகு வெகு காலம் இரண்டையும் 'குட்டைச் சிறகன்' வீட்டில் குடிவைத்தார்கள். இரண்டும் ஒரே இனம்தான் என்றுகூடப் பலர் சொல்லிவிட்டார்கள். நீலகிரிக்காரிக்கு விலாவில் செம்மை. பழனிக்காரிக்கு அது இல்லை. நம் வீட்டுப் பெண்கள் கண்ணுக்கு இந்த வித்தியாசம் தப்பியிருக்குமா? 2005-ல் மறுபடியும் வீடு மாற்றம், வேறொரு பேரினத்துக்கு!

கடைசியில் வழக்கைத் தீர்த்தது இரத்தம். வி. வி. ராபினும் அவருடைய கூட்டாளிகளும் மலை மலையாக ஏறி, குருவிகளை வலையில் பிடித்து, துளி இரத்தம் எடுத்துவிட்டுப் பறக்கவிட்டார்கள். மரபணுக்களைப் பரிசோதித்ததில், இவை குட்டைச் சிறகனுக்கு உறவே அல்ல, நீல ஈப்பிடிப்பான்களுக்குத்தான் நெருங்கிய சொந்தம் என்று தெரிந்தது. 2017-ல் இவற்றுக்கென்றே 'ஷோலிகோலா' என்ற புதுப் பேரினம் பிறந்தது. சோலையில் வசிப்பது என்று பொருள். நம் தமிழ்ச் சொல் லத்தீனோடு சம்பந்தம் செய்துகொண்டுவிட்டது!

அதே சமயம் அகத்தியமலைப் பக்கத்துக் குருவியும் தனி இனம் என்று முடிவாயிற்று. ஆக மூவர். காரணம் என்ன? பாலக்காட்டுக் கணவாயும் செங்கோட்டைக் கணவாயும்தான். குளிர்ந்த சோலையை விட்டு இறங்காத பறவைக்கு, வெயில் காயும் சமவெளியைத் தாண்டுவது கடலைத் தாண்டுவது போல. மலையுச்சிகள் தீவுகளாயின, பல லட்சம் வருஷங்கள் தனித்தனியே வாழ்ந்து வேறாகிவிட்டன.

'பெயர் எதுவானால் என்ன?' என்று கேட்கத் தோன்றுகிறதா? எல்லாம் ஒரே இனம் என்றால், நீலகிரியில் அழிந்தாலும் பழனியில் இருக்கிறதே என்று சும்மா இருந்துவிடலாம். தனி இனம் என்றால் அப்படிச் சொல்ல முடியாதல்லவா? தேயிலைக்கும் சீகை மரத்துக்கும் தைல மரத்துக்கும் சோலைகள் எவ்வளவோ இடம் கொடுத்துவிட்டன. நீலகிரிக் குருவி இன்று உலகப் பட்டியலில் அழியும் ஆபத்தில் உள்ள பறவை.

ஆகவே அந்தச் சீழ்க்கை கேட்டால் குழந்தைகளைச் சற்றுப் பேசாமல் இருக்கச் சொல்லுங்கள். சத்தம் கேட்டால் புதருக்குள் ஓடி ஒளிந்துவிடும்.