பெட்டியில் இருக்கும் பணமும் கரையும்

சேத்தூர், இராஜபாளையம் வட்டாரத்தில் நம் சகோதரர்கள் பலர் மில் கூலியை நம்பியே குடும்பம் நடத்துகிறார்கள். விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால், மகளின் நிகாஹ்வுக்காகப் பெட்டியில் வைத்த 1 லட்சம் ரூபாய் 12 ஆண்டுகளில் பாதிச் சாமானைத்தான் வாங்கும்.

முதலில் கூலியைக் கவனிப்போம். தமிழகத்தில் குறைந்தபட்சக் கூலியுடன் சேரும் பஞ்சப்படி, விலைவாசிக் குறியீட்டின்படி ஆண்டுதோறும் ஏப்ரல் 1 முதல் திருத்தப்படுகிறது. அது சலுகை அல்ல, உரிமை, கேட்டு வாங்குவோம்.

அடுத்து சேமிப்பு. வட்டி நமக்கு ஹராம். நகைக்குப் பதில் தங்கக் காசாக வாங்கினால் செய்கூலி, சேதாரம் குறையும். ஆனால் தங்கமும் சில காலம் இறங்கும். நம்பிக்கையானவரோடு இலாப நஷ்டப் பங்கில் தொழில் செய்யலாம். ஒப்பந்தத்தை எழுதிக்கொள்வது அவசியம். சும்மா கிடக்கும் பணத்தை ஜகாத்தே தின்றுவிடாதிருக்க, அநாதைகளின் செல்வத்தையும் வியாபாரத்தில் ஈடுபடுத்தச் சொன்னார்கள் உமர் (ரலி) அவர்கள்.