ரேடாருக்கு டிமிக்கி கொடுக்கும் போர்க்கப்பல்கள்



ராஜபாளையத்திலிருந்து பஸ்ஸில் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வருகிறவர்களுக்கு, ஊர் வருவதற்கு முன்பே பதினோரு நிலைக் கோபுரம் தெரிந்துவிடும். கோபுரத்துக்கு அது பெருமை. ஆனால் ஒரு போர்க்கப்பல் அப்படித் தூரத்திலேயே தெரிந்துவிட்டால்? அதில் இருப்பவர்களின் உயிருக்கே ஆபத்து!

1971 டிசம்பர் 9 இரவு, அரபிக்கடலில் நமது ஐ.என்.எஸ். குக்ரி கப்பலைப் பாகிஸ்தான் நீர்மூழ்கிக் கப்பல் டார்ப்பிடோவால் தாக்கி மூழ்கடித்தது. கேப்டன் மகேந்திரநாத் முல்லா உட்பட 194 பேர் கடலோடு போனார்கள். 1982-ல் பாக்லாந்து போரில் பிரிட்டனின் ஷெபீல்டு கப்பல் ஒரே ஒரு எக்ஸோசெட் ஏவுகணையால் வீழ்ந்தது. எதிரி முதலில் கண்டுபிடித்துவிட்டால் கதை முடிந்தது. இந்தப் பாடத்தில் பிறந்ததுதான் 'ஸ்டெல்த்' என்னும் மறைவுத் தொழில்நுட்பம்.

மாயமாய் மறைந்துவிடுமா?

அதுதான் இல்லை! ஸ்டெல்த் கப்பல் பக்கத்தில் வந்தால் கண்ணுக்கு நன்றாகவே தெரியும். ரேடாருக்குத்தான் அது சின்னதாகத் தெரியும்.

ரேடார் அனுப்பும் ரேடியோ அலை கப்பலில் பட்டுத் திரும்பி வர வேண்டும். ரெண்டு சுவர் செங்குத்தாகச் சந்திக்கிற மூலையில் பந்தை எறிந்து பாருங்கள். எறிந்தவர் பக்கமே திரும்பி வரும். பழைய கப்பல்களில் இப்படிப்பட்ட 90 டிகிரி மூலைகள் ஏராளம். அதனால் பக்கச் சுவர்களைச் சில டிகிரி சாய்த்து, சமதளத் தகடுகளாக அமைக்கிறார்கள். அலை வேறு திசைக்குச் சிதறிப் போய்விடுகிறது. படகுகளைக் கதவுக்குள் வைத்து மூடுகிறார்கள். ஏவுகணைகளை மேல்தளத்துக்குக் கீழே செங்குத்தான குழாய்களில் இறக்கி வைக்கிறார்கள்.

கணக்கு என்ன சொல்கிறது?

ரேடாருக்குத் திரும்பி வரும் சக்தி, தூரத்தின் நான்காம் மடிக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது. அப்படியானால், கப்பலின் பிரதிபலிப்பை 16-ல் ஒரு பங்காகக் குறைத்தால், கண்டுபிடிக்கும் தூரம் பாதிதான் குறையும். 32 கிலோமீட்டரில் தெரிந்த கப்பல் 16 கிலோமீட்டரில் தெரியும். பத்தில் ஒரு பங்காக, அதாவது 3.2 கிலோமீட்டராகக் குறைய வேண்டுமானால், பிரதிபலிப்பை 10,000-ல் ஒரு பங்காக்க வேண்டும்! இன்ஜினியர்கள் ஒவ்வொரு மூலைக்கும் கைப்பிடிக்கும் ஏன் மல்லுக்கட்டுகிறார்கள் என்று இப்போது புரிகிறதா? ஆனால் கிடைக்கிற அந்தக் கொஞ்ச நேரமே உயிர் காக்கும்.

சத்தமும் சூடும்

ரேடாரை ஏமாற்றினால் மட்டும் போதாது. நீர்மூழ்கிக் கப்பல் காதால்தான் வேட்டையாடுகிறது. நம்ம ஊர் நூற்பாலைகளில் மெஷின் ஓடும்போது தரை அதிர்வதைப் பலரும் காலில் உணர்ந்திருப்போம். கப்பலில் அதே அதிர்வு அடித்தகடு வழியாகத் தண்ணீருக்குள் இறங்கி வெகுதூரம் போகும். அதனால் இன்ஜினையும் கியர்பாக்ஸையும் அதிர்வு தாங்கிகள் மேல், தனி மேடையில் நிறுத்துகிறார்கள். சுழலியில் நீர்க்குமிழ்கள் உண்டாகி வெடிக்காதபடி அதன் இறக்கைகளை வடிவமைக்கிறார்கள்.

புகைபோக்கியின் வெப்பத்தைத் தேடி வரும் ஏவுகணைகளும் உண்டு. ஆகவே புகையோடு குளிர்ந்த காற்றைக் கலந்து வெளியே விடுகிறார்கள். இரும்புக் கப்பல் ஒரு பெரிய காந்தம் மாதிரி. காந்தக் கண்ணிவெடியிலிருந்து தப்ப, கப்பலைச் சுற்றிக் கம்பிச்சுருள் அமைத்து மின்சாரம் பாய்ச்சி எதிர்க்காந்தப் புலம் உண்டாக்குகிறார்கள். எலக்ட்ரிகல் நண்பர்களே, இது உங்கள் பாடம்தான்!

நம் நாட்டின் சாதனை

1972-ல் மும்பை மசகான் கப்பல்தளம் கட்டிய முதல் ஐ.என்.எஸ். நீலகிரி, பிரிட்டிஷ் வரைபடத்தில் உருவானது. 2010 ஏப்ரல் 29-ல் அதே தளம் கட்டிய ஐ.என்.எஸ். ஷிவாலிக் கடற்படையில் சேர்ந்தது. 142.5 மீட்டர் நீளமுள்ள இது, நம் கடற்படையே வடிவமைத்து இந்தியாவில் கட்டிய முதல் ஸ்டெல்த் பிரிகேட். 2014-ல் வந்த ஐ.என்.எஸ். கமோர்ட்டா நீர்மூழ்கிகளை வேட்டையாடும் கப்பல். அது நம் நாட்டிலேயே தயாரான டி.எம்.ஆர். 249 ஏ என்னும் உயர்தர எஃகில் கட்டப்பட்டது. 2016-ல் சேர்ந்த, நம் தலைநகரின் பெயர் தாங்கிய ஐ.என்.எஸ். சென்னையிலும் மறைவு அம்சங்கள் உண்டு. 2025 ஜனவரி 15-ல் புதிய நீலகிரி வந்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் 26-ல் விசாகப்பட்டினத்தில் உதயகிரி, ஹிம்கிரி இரண்டும் ஒரே நாளில் சேர்ந்தன. பழைய நீலகிரிக்கும் புதிய நீலகிரிக்கும் நடுவில் 53 வருட உழைப்பு இருக்கிறது.

வெளிநாடுகளும் சும்மா இல்லை. சுவீடனின் விஸ்பி கப்பலின் உடலே கார்பன் இழையால் ஆனது. அமெரிக்காவின் 'ஜும்வால்ட்', ரேடாரில் மீன்பிடிப் படகு அளவுக்குத்தான் தெரியும் என்கிறார்கள்.

நண்பர்களே, வெல்டிங் நேராக இல்லாமல் தகடு நெளிந்தால் ரேடார் அதைக் காட்டிக் கொடுத்துவிடும். அலைன்மென்ட் தவறிய ஒரு ஷாஃப்ட் போடும் சத்தம் எதிரியின் காதுக்கு எட்டிவிடும். வரைபடம் எவ்வளவு அற்புதமாக இருந்தாலும், கப்பல் மறைவதும் மாட்டிக்கொள்வதும் ஒர்க்‌ஷாப்பில் நிற்பவரின் கையில்தான். அந்த இடம் டிப்ளமோ படித்த நமக்கானது. லேப்பில் மைக்ரோமீட்டரைப் பிடிக்கும்போது இதைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்!