பகோடா ஸ்ட்ரீட்டில் பகோடா கிடையாது

காரைக்குடியிலிருந்து வந்திருந்த சித்தப்பாவைச் சைனா டவுனுக்கு அழைத்துப் போயிருந்தேன். எம்ஆர்டி நிலையத்தின் ஏ வாசல் வழியாக மேலே ஏறியதும் தெருப்பெயர்ப் பலகையைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"என்னப்பா, பகோடாவுக்குன்னே ஒரு தெருவா?"

இரு பக்கமும் கடைவீடுகள். மேலே சிவப்பு விளக்குக்கூடுகள். பக் குவா கடையில் பன்றி இறைச்சி வாட்டும் இனிப்புப் புகை. எண்ணெய்ச் சட்டி எங்கும் இல்லை. அடுக்கடுக்காக எழும் பௌத்தக் கோபுரத்தையும் பகோடா என்பார்கள், அதுவும் இந்தத் தெருவில் இல்லை. தெருக்கோடி வரை நடந்தோம். நீண்ட மதில்மேல் சுதைப் பசுக்கள் வரிசையாகப் படுத்திருந்தன. சவுத் பிரிட்ஜ் சாலையில் திரும்பி அண்ணாந்து பார்த்தவர், "அட, நம்ம கோபுரம்!" என்றார்.

அதுதான் விடை. தென்னிந்தியக் கோயில் கோபுரங்களையும் வெள்ளைக்காரர்கள் பகோடா என்றே அழைத்தார்கள். ஸ்ரீ மாரியம்மன் கோயிலின் கோபுரமே அந்தத் தெருவுக்குப் பெயர் தந்தது. கோயிலின் மறுபக்கத் தெரு டெம்பிள் ஸ்ட்ரீட். சற்றுத் தள்ளி, தமிழ் முஸ்லிம்களான சூலியாக்கள் 1826இல் நிறுவிய ஜாமியா பள்ளிவாசலை ஒட்டிய தெரு மோஸ்க் ஸ்ட்ரீட். சீனர்களின் பேட்டை என்று உலகம் அறிந்த இடத்தின் நடுவில், மூன்று தெருக்கள் தமிழர் எழுப்பிய வழிபாட்டுத் தலங்களின் பெயரைச் சுமக்கின்றன.

தண்ணீரில் பிறந்த ஊர்

இந்தப் பேட்டையின் கதையைத் தண்ணீரிலிருந்து தொடங்க வேண்டும். தெலுக் ஆயர் என்ற மலாய்ப் பெயருக்குத் தண்ணீர் விரிகுடா என்று பொருள். இன்று வானுயர்ந்த அலுவலகக் கட்டடங்கள் நெருக்கும் தெலுக் ஆயர் ஸ்ட்ரீட்தான் அன்றைய கடற்கரை. கப்பலில் வந்தவர்கள் இங்கேதான் கரையேறினார்கள். உயிரோடு வந்து சேர்ந்ததற்கு நன்றி சொல்ல ஹொக்கியன் சீனர்கள் 1839 முதல் 1842 வரை கட்டிய கோயில் தியான் ஹொக் கெங். அங்கே குடியிருப்பவள் கடலோடிகளைக் காக்கும் மாசு தேவி. அதே தெருவில், 1828க்கும் 1830க்கும் இடையே நாகூர் ஆண்டவர் பெயரில் எழுந்தது நாகூர் தர்கா. பக்கத்திலேயே அல் அப்ரார் பள்ளிவாசல். குடிசையாகத் தொடங்கியதால் தமிழர் வாயில் அது குச்சுப் பள்ளி. 1880களில் கடலைத் தூர்த்த பிறகு கரை நெடுந்தொலைவு விலகிப்போனது. நன்றிக்கடனுக்குக் கட்டியவை மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கின்றன.

இரண்டாவது தண்ணீர், குடிதண்ணீர். ஆன் சியாங் குன்றின் கிணற்று நீரை மாட்டுவண்டிகளில் ஏற்றி ஊருக்குக் கொண்டுபோனார்கள். அதனால் மலாயில் இந்த வட்டாரம் கிரேத்தா ஆயர், அதாவது தண்ணீர் வண்டி. சீனர்கள் தங்கள் மொழியில் இன்றும் சைனா டவுன் என்று சொல்வதில்லை. அவர்களுக்கு இது 'நியு சே ஷுவெய்', மாட்டுவண்டித் தண்ணீர். ரயில் நிலையப் பலகையிலும் சீனத்தில் அப்படித்தான் இருக்கிறது. தமிழில் மட்டும் ஆங்கில ஒலியை அப்படியே எழுதிவைத்திருக்கிறோம்.

மாரியம்மன் கோயிலும் தண்ணீரைத் தேடித்தான் இங்கே வந்தது. 1819 மே மாதம் ராஃபிள்ஸுடன் 'இந்தியானா' கப்பலில் பினாங்கிலிருந்து வந்த நாராயண பிள்ளை, செங்கல் சூளை வைத்துத் தொழில் நடத்தியவர். அவர் எழுப்ப நினைத்த கோயிலுக்கு முதலில் தெலுக் ஆயரில் இடம் கிடைத்தது. அங்கே பூசைக்கு நல்ல தண்ணீர் இல்லை. அடுத்துக் கிடைத்த இடமும் ஒத்துவரவில்லை. 1823இல்தான் இப்போதைய மனை அமைந்தது. 1827இல் மரமும் அத்தாப்புக் கூரையுமாகக் கோயில் எழ, சின்ன அம்மன் குடியேறினாள். வேலை தேடி வந்த தமிழனுக்கு ஒரு பிழைப்பு அமையும்வரை தங்கிக்கொள்ளவும் அது இடம் கொடுத்தது.

கோடு போட்ட ராஃபிள்ஸ்

1822இல் ராஃபிள்ஸ் இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரிக்கச் சொன்னார். ஜாக்சன் என்ற பொறியாளர் வரைந்த வரைபடத்தில் சிங்கப்பூர் ஆற்றின் தென்மேற்கே சீனக் கம்பம், ஆற்றின் மேல்பக்கம் சூலியாக் கம்பம். சீனர்களும் ஊர்வாரியாகப் பிரிந்தே வாழ்ந்தார்கள். தெலுக் ஆயர் பக்கம் ஹொக்கியன், ஆற்றோரம் தியோச்சியு, கிரேத்தா ஆயரில் கான்டனீஸ்.

வரைபடத்தில் கோடு நேராக இருந்தது. பிழைப்பு அந்தக் கோட்டில் நிற்கவில்லை. சீனக் கம்பத்தை ஒட்டிய மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் நகரத்தார் கிட்டங்கிகளில் மேசைப்பெட்டியோடு அமர்ந்து வட்டித்தொழில் நடத்தினார்கள். காரைக்குடிக்காரரான சித்தப்பா அடுத்துக் கேட்டது அந்தக் கிட்டங்கிகளைத்தான். கைகாட்ட ஒன்றும் மிச்சமில்லை. 1970களின் நகரச் சீரமைப்பில் கிட்டங்கிகள் போய், அந்த இடத்தில் அலுவலகங்கள் வந்துவிட்டன.

சீனக் குடியேறிகளின் வாழ்க்கையும் சுகமாக இல்லை. பகோடா ஸ்ட்ரீட்டில் கூலிகளை அடைத்துவைத்த விடுதிகளும் அபின் கடைகளும் இருந்தன. சிவப்புத் தலைத்துணி கட்டிய சம்சுய் பெண்கள் கட்டட வேலைக்கு மண்ணும் கல்லும் சுமந்தார்கள். வீட்டில் சாவு நேர்வது தீது என்ற நம்பிக்கையாலும், நெருக்கடியான அறைகளாலும், சாகக் கிடப்பவர்களைச் சேகோ லேனின் 'சாவு வீடு'களுக்குக் கொண்டுபோனார்கள். 1961இல்தான் அதற்குத் தடை வந்தது. அஞ்சடியிலும் தெருவிலும் கடை பரப்பியிருந்தவர்கள் 1983இல் சைனா டவுன் காம்ப்ளெக்ஸுக்குள் போனார்கள். 1989இல் அரசு இந்தப் பேட்டையைப் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவித்தது. லிட்டில் இந்தியாவும் அதே ஆண்டில்தான் அந்தப் பட்டியலில் சேர்ந்தது.

தேக்கா யாருடைய சொல்?

இனி கதையின் மறுபக்கம். லிட்டில் இந்தியாவை நாம் தேக்கா என்கிறோம். அதைத் தமிழ் என்றே நினைக்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அது ஹொக்கியன் சொல். ரோச்சோர் கால்வாயோரம் அடர்ந்திருந்த மூங்கில் புதரின் அடி என்று பொருள். அங்கே கெர்பாவ் சாலையில் வண்ணம் வண்ணமாக நிற்கும் பழைய வீடும் டான் டெங் நியா என்ற சீன வணிகருக்குச் சொந்தமாக இருந்ததுதான்.

ஆக, தமிழர் பேட்டைக்குச் சீனச் சொல்லில் பெயர், சீனர் தெருவுக்குத் தமிழர் கோபுரத்தால் பெயர். இதை நல்லிணக்க விழாவுக்காக யாரும் உட்கார்ந்து எழுதவில்லை. அக்கம்பக்கத்தில் பிழைத்தவர்கள் வழி சொல்வதற்காக வைத்துக்கொண்ட அடையாளங்கள் இவை. அதனால்தான் நிலைத்துவிட்டன.

இரண்டு பேட்டைகளையும் இணைக்கும் கயிறு ஆண்டுக்கொருமுறை கண்ணுக்குத் தெரியும். தீபாவளிக்கு முன் வரும் தீமிதித் திருவிழாவில், சிராங்கூன் சாலை ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோயிலில் புறப்படும் பக்தர்கள் சுமார் 4 கிலோமீட்டர் நடந்து மாரியம்மன் கோயில் பூக்குழிக்கு வருகிறார்கள். வரிசையில் சீன முகங்களையும் பார்க்கலாம்.

ஊரிலிருந்து வருகிறவர்களுக்குத் தேக்காவைக் காட்டிவிட்டு, "இதுதான் நம்ம ஏரியா" என்று முடித்துக்கொள்வது நம் வழக்கம். அது பாதிக் கதை. அடுத்த முறை தெலுக் ஆயரில் தொடங்கி, நாகூர் தர்காவையும் தியான் ஹொக் கெங்கையும் பார்த்துவிட்டு, அப்படியே பகோடா ஸ்ட்ரீட் வரை நடத்திக் கூட்டிவாருங்கள். மதியத்தில் கோயில் நடை சாத்தியிருக்கும். மாலை 6 மணிக்கு மேல் போனால் அம்மனையும் பார்க்கலாம்.