அப்பாயியின் சீட்டு உயரம்

முல்லையை விடியுமுன் பறித்துவிட வேண்டும். வெயில் ஏறினால் மொட்டு வாடும், வாடினால் விலை இறங்கும். எங்கள் ஊரிலிருந்து கீரமங்கலம் பூ மார்க்கெட்டுக்கு ஐந்து கிலோமீட்டர். அப்பாயியின் பாதி வாழ்க்கை இந்த ஐந்து கிலோமீட்டருக்குள்தான் கிடந்தது.

தாத்தா இறந்தபோது அப்பாயிக்கு முப்பத்தைந்து வயதுகூட ஆகவில்லை. மூன்று பிள்ளைகள், முக்கால் ஏக்கர் முல்லைக் கொல்லை. மூன்றரை மணிக்கு அரிக்கேன் விளக்கை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போவார். மொட்டுகளை ஈரத்துணியில் சுற்றிக் கூடையில் வைத்துவிட்டு, அப்புறம் காத்திருப்பார். சைக்கிள் வைத்திருக்கும் பங்காளி வீட்டுப் பையன் எழுந்து பல் விளக்கி, கஞ்சி குடித்து வர வேண்டும். அவன் வராத நாளில் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு நடை. போய்ச் சேரும்போது நல்ல விலை முடிந்திருக்கும். தொடுத்த பூவைத் தான் வைத்துக்கொள்ள முடியாத பெண், அந்தப் பூவை விற்கவும் இன்னொருவர் கையை எதிர்பார்த்து நின்றார். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கும்.

1991-ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் வந்தது. அப்போது ஷீலா ராணி சுங்கத் கலெக்டர். எழுத்தோடு சைக்கிளும் பெண்களுக்குக் கற்றுத்தர வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். ஊர் ஊராகப் பெண்கள் சைக்கிளில் ஏறினார்கள். கல் உடைக்கிற பெண்கள், களையெடுக்கிற பெண்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், ஆசிரியைகள் என்று கணக்கில்லை. லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது ஆண்கள் ஓட்டும் சைக்கிளையே எடுத்துக்கொண்டார்கள். பி. சாய்நாத் 1996-ல் வந்த தன் புத்தகத்தில் இவர்களுக்காக ஒரு அத்தியாயமே எழுதியிருக்கிறார். அதில் அப்பாயியின் பெயர் இல்லை. இருந்திருக்க வேண்டும் என்பது எங்கள் வீட்டாரின் ஆசை.

அப்பாயிக்கு அப்போது நாற்பத்தாறு வயது. மாரியம்மன் கோயில் திடலில் ராத்திரி வகுப்பு. பக்கத்துத் தெருவில் பத்தாவது முடித்த அக்காதான் வாத்தியார். பாடம் முடிந்ததும் வாடகை சைக்கிள். முதலில் குரங்குப் பெடல், பிறகு பார் கம்பிக்கு மேலே காலைத் தூக்கிப் போட்டு உட்காருவது. சேலையைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு அவர் ஏறியபோது தெருவே திண்ணைக்கு வந்துவிட்டது. “பேரன் பேத்தி எடுத்தவளுக்கு இது எதுக்கு?” என்று கேட்டவர்கள் உண்டு. முழங்கால் சிராய்த்து, மஞ்சளும் எண்ணெயும் குழைத்துப் போட்டுக்கொண்டு மறுநாளும் போனார். பன்னிரண்டு நாளில் பழகிவிட்டார்.

பழைய சைக்கிள் ஒன்றை வாங்கி, கால் எட்டுவதற்காக சீட்டைக் கடைசி மட்டத்துக்கு இறக்கினார். கேரியரில் பூக்கூடை, பார் கம்பியில் துண்டைச் சுற்றி அதன்மேல் நான். எனக்கு ஐந்து வயது. இருட்டில் டைனமோ ‘கிர்ர்’ரென்று உரசும் சத்தமும், மேட்டில் மிதிக்கும்போது என் உச்சந்தலையில் படும் அப்பாயியின் மூச்சும் இப்போதும் ஞாபகம் இருக்கிறது. “கைய ஹேண்டில்பார்ல வையி தாயி, பிரேக்கத் தொடாத” என்பார்.

ஒருநாள் கமிஷன் கடையில் துண்டுச்சீட்டைக் கையில் வாங்கி, அங்கேயே நின்று எழுத்துக்கூட்டினார். அதுவரை அந்தச் சீட்டுகளை முந்தானையில் முடிந்து வந்து அப்பாவிடம் கொடுப்பதுதான் வழக்கம். “நாலு கிலோன்னு எழுதியிருக்கு. மூணரைக்குத்தானே காசு குடுத்திருக்கீங்க?” என்றார். சத்தம் போடவில்லை. கடைக்காரர் கல்லாவைத் திறந்து மீதியை எண்ணி வைத்தார். திரும்பி வரும் வழியில் அப்பாயி ஒன்றுமே பேசவில்லை. இத்தனை வருடச் சீட்டுகளை மனசுக்குள் எண்ணிக்கொண்டு வந்திருப்பார் என்று இப்போது தோன்றுகிறது.

இன்று பூ விலை அப்பாவின் செல்போனுக்கு வந்துவிடுகிறது. நெற்றியில் கட்டிய பேட்டரி விளக்கோடு அம்மா பறிக்கிறார், டிவிஎஸ் எக்ஸலில் கொண்டுபோய்ப் போடுகிறார். அம்மாவுக்கு முதலில் சைக்கிள் பழக்கியதும் அப்பாயிதான். மருமகள் கூச்சப்பட்டபோது அதே திடலில் கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடியிருக்கிறார். என் தம்பி மகள் பிளஸ் ஒன் சேர்ந்து, பள்ளியில் தந்த விலையில்லா சைக்கிளில் வீடு வந்த நாளில் நான் ஊரில் இருந்தேன். மாரியம்மன் கோயிலைத் தாண்டித்தான் வந்தாள். ஒருவர்கூட தலை நிமிர்ந்து பார்க்கவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவளுக்குக் காரணம் புரியவில்லை.

2021 மே மாதம் டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று ஆனபோது அப்பாயிக்கு எழுபத்தைந்து வயது. ஆலங்குடிக்குப் போய்வந்து, கண்டக்டர் கொடுத்த சீட்டை என்னிடம் காட்டினார். “இத அப்பவே விட்டிருந்தா நான் சைக்கிள் கத்துக்கிட்டிருக்க மாட்டேன்” என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, “நல்லவேளை, விடல” என்றார்.

அதற்கு இரண்டரை வருடம் முன்பு, 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த ராத்திரி, கொல்லைப்புறத்துப் பலாமரம் கொட்டில்மேல் விழுந்திருந்தது. எங்கள் பக்கம் தென்னையும் பலாவும் சாய்ந்து, பிள்ளையைப் பறிகொடுத்த வீடுகள்போல எல்லா வீடுகளும் கிடந்தன. அந்த நிலையிலும் அப்பாயி கீற்றை விலக்கி சைக்கிளை வெளியே இழுத்துப் பார்த்தார். பின்சக்கரம் எட்டுப்போல வளைந்திருந்தது. சைக்கிள் கடை திறந்த அன்றே கொண்டுபோய்க் கோட்டம் எடுத்து வந்தார். அப்போதே அவர் ஓட்டுவதை விட்டு இரண்டு வருடம் ஆகியிருந்தது.

2023 ஆடியில் போய்விட்டார். காரியம் முடிந்த மறுநாள் தம்பி மகள் அந்த சைக்கிளில் ஏறிப் பார்த்தாள். நல்ல உயரம் அவள். முழங்கால் ஹேண்டில்பாரில் இடித்தது. ஸ்பேனரை எடுத்துக்கொண்டு சீட்டை உயர்த்தப் போனாள். திண்ணையில் உட்கார்ந்திருந்த அப்பா எழுந்து வந்து அவள் கையிலிருந்து ஸ்பேனரை வாங்கிக்கொண்டார்.

“வேணாம் சாமி. அது ஆத்தா வச்ச ஒசரம்.”