வெற்றி அன்னை ஆலயமும் தளபதி டில்லியும்

வியாழக்கிழமைகளில் நம் பங்குகள் பலவற்றில் குழந்தை இயேசு நவநாள் நடைபெறுகிறது. இந்தப் பக்தி பிராகா நகரிலிருந்து பரவியது என்பதையும், மூலத் திருவுருவம் அங்கே கார்மேல் சபையினரின் ஆலயத்தில் இருக்கிறது என்பதையும் நாம் அறிவோம். அந்த ஆலயத்தின் பெயர் வெற்றி அன்னை ஆலயம். ஒருநாள் நவநாள் முடிந்ததும் இளைஞர் ஒருவர் நம்மிடம் வந்து, "ஃபாதர், மாதா யாரை ஜெயிச்சாங்க?" என்று கேட்டார். பாவத்தை, அலகையை என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். ஆனால் அந்தப் பெயர் ஒரு போரிலிருந்து வந்தது. தோற்றவர்களும் கிறிஸ்துவை வழிபட்டவர்களே.

1620 நவம்பர் 8 அன்று பிராகா நகருக்கு வெளியே வெண்மலை என்னும் மேட்டில் அந்தப் போர் நடந்தது. பொகேமியாவின் சீர்திருத்த சபைப் பிரபுக்கள் ஒருபுறம். பேரரசரின் படையும் கத்தோலிக்கக் கூட்டணியின் படையும் மறுபுறம். இரண்டு மணி நேரத்திற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கத்தோலிக்கப் படையினர் "சாங்தா மரியா" என்ற பெயரையே அடையாளச் சொல்லாகக் கொண்டிருந்தனர். லூத்தரன் சபையினர் கட்டியிருந்த ஆலயம் ஒன்று 1624இல் கார்மேல் துறவிகளிடம் கொடுக்கப்பட்டு, இந்த வெற்றியின் நினைவாகப் பெயர் பெற்றது. பொலிக்சேனா என்னும் பிரபு குலப் பெண்மணி 1628இல் குழந்தை இயேசு சுரூபத்தை அங்கே அளித்தார்.

வெண்மலையில் கத்தோலிக்கக் கூட்டணியின் படையை நடத்தியவர் யோகான் செர்க்லாஸ், டில்லி பிரபு. (நம் நாட்டின் தலைநகருக்கும் இவருக்கும் ஒரு தொடர்பும் இல்லை. அது பெல்ஜியத்தில் இன்றும் இருக்கும் ஒரு சிற்றூரின் பெயர்.) 1559இல் பிராபாந்து பகுதியின் பிரபு குடும்பத்தில் பிறந்தார். இயேசு சபையினரிடம் கல்வி கற்றார். பதினைந்து வயதளவில் ஸ்பானியப் படையில் சேர்ந்தார். பிரபு மகன் என்பதால் உயர் பதவி தானாக வந்துவிடவில்லை. கீழிருந்தே தொழிலைக் கற்றார். 1585இல் அந்துவெர்ப் முற்றுகையிலும், 1600க்குப் பிறகு ஹங்கேரியில் துருக்கியருக்கு எதிராகவும் போரிட்டார். 1610இல் பவேரியாவின் கோமகன் மாக்சிமிலியான் அவரைக் கத்தோலிக்கக் கூட்டணியின் தளபதியாக்கினார். வெண்மலைக்குப் பிறகு விம்ப்பென், ஹோக்ஸ்ட், ஸ்டாட்லோன் என்று வெற்றிமேல் வெற்றி. 1622இல் ஹைடெல்பெர்க் வீழ்ந்தது. அந்நகரின் புகழ்பெற்ற நூலகம் திருத்தந்தைக்குப் பரிசாக உரோமைக்கு அனுப்பப்பட்டது. 1626இல் லுட்டர் என்னுமிடத்தில் டென்மார்க் மன்னரே இவரிடம் தோற்றார்.

இவரது தனிவாழ்வைக் குறை சொல்ல எதிரிகளுக்கும் எளிதாக இல்லை. மது அருந்தாதவர், மணமாகாதவர், நாள்தோறும் செபிப்பவர்; கவசம் அணிந்த துறவி என்றே அவரை அழைத்தார்கள். பவேரியாவின் ஆல்ட்டோட்டிங் மாதா திருத்தலத்தின்மீது அவருக்குத் தனிப் பற்று இருந்தது. நாம் இதை வலியுறுத்திச் சொல்கிறோம். ஏனெனில் அடுத்து நடந்ததைக் கொடியவன் ஒருவனின் செயல் என்று தள்ளிவிட நமக்கு வழியில்லை.

எல்பே நதிக்கரையில் உள்ள மாக்டெபுர்க், லூத்தரன் சபையின் கோட்டை. புனித நார்பெர்ட் பேராயராக இருந்த நகரமும் அதுவே. 1629இல் பேரரசர் ஓர் ஆணை பிறப்பித்தார்: 1552க்குப் பிறகு சீர்திருத்த சபையினர் எடுத்துக்கொண்ட திருச்சபைச் சொத்துகளைத் திருப்பித் தர வேண்டும். ஆணைக்குப் பணிய மறுத்த மாக்டெபுர்க், ஸ்வீடன் மன்னர் குஸ்தாவுஸ் அடால்புசுடன் கூட்டுச் சேர்ந்தது. டில்லி நகரை முற்றுகையிட்டார். அப்போது அவருக்கு வயது 72. அக்காலப் படை எப்படி இயங்கியது என்பதையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும். அரசர்களின் கருவூலத்தில் சம்பளம் கொடுக்கப் பணமில்லை. படை தங்கும் நாடே அதற்குச் சோறு போட வேண்டும். பணியாத நகரத்தைத் தாக்கிப் பிடித்தால் கொள்ளை வீரர்களுக்கு உரியது என்பது போர்வழக்கம். டில்லியின் வீரர்களோ பசித்திருந்தார்கள். சரணடையும்படி அவர் பலமுறை எழுதினார். ஸ்வீடன் படை வந்துவிடும் என்று நகரம் காத்திருந்தது.

1631 மே 20 காலையில், துணைத் தளபதி பாப்பென்ஹைமின் வீரர்கள் மதில் ஏறினர். நகரத் தலைவர்கள் அப்போதுதான் சரணடைவது பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். தீ எங்கே தொடங்கியது என்று வரலாற்றாசிரியர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். ஏறத்தாழ 1,900 கட்டடங்களில் 1,700 எரிந்துபோயின. நகரில் இருந்த சுமார் 25,000 பேரில் 20,000 பேர் வாளுக்கும் நெருப்புக்கும் புகைக்கும் இரையானார்கள். உடல்களைப் புதைக்க இயலாமல் எல்பே நதியில் விட்டார்கள். அடுத்த ஆண்டு கணக்கெடுத்தபோது அங்கே வாழ்ந்தவர்கள் 449 பேர். பேராலயத்துக்குள் ஒளிந்திருந்த ஏறத்தாழ ஆயிரம் பேரை டில்லி உயிரோடு விட்டார். அவர்களுக்கு ரொட்டியும் கொடுக்கச் செய்தார். சில நாள்களில் அதே பேராலயத்தில் தே தேயும் நன்றிப்பண் பாடப்பட்டது.

இந்த இடத்தில் நம்மால் எளிதாகக் கடந்துபோக முடியவில்லை. நகரை எரிக்க டில்லி கட்டளையிடவில்லை என்பதை நாம் ஏற்கிறோம்; உணவும் தங்குமிடமும் தேடிய தளபதிக்குச் சாம்பலால் என்ன பயன்? ஆனால் மதில் ஏறக் கட்டளையிட்டவர் அவர். பசித்த படையைக் கதவு திறந்து உள்ளே விட்டால் என்ன நடக்கும் என்பதை, அந்தத் தொழிலில் அரை நூற்றாண்டுக்கு மேல் கழித்தவர் அறியாமல் இருந்திருக்க முடியாது. பக்தி அவரைக் குடியிலிருந்தும் ஒழுக்கக்கேட்டிலிருந்தும் காத்தது. எதிர்ப்பக்கத்தில் இருந்தவரின் குழந்தையைப் பார்க்கும் கண்ணை அது அவருக்குத் தரவில்லை, அல்லது காலம் தாழ்த்தி, பேராலய வாசலில்தான் தந்தது. சீர்திருத்த சபைப் படைகளும் பின்னர் இதையே செய்தன. சரணடைந்த கத்தோலிக்க வீரர்களை "மாக்டெபுர்க் இரக்கம்" என்று சொல்லிக் கொன்றார்கள். அதைச் சொல்லி நம் பக்கத்தை நியாயப்படுத்த நாம் விரும்பவில்லை. 2000 மார்ச் 12 அன்று திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் உரோமையில் நடத்திய மன்னிப்பு வழிபாட்டில், உண்மைக்குப் பணிபுரிவதாக எண்ணிச் செய்த பாவங்களுக்கென்றே தனி மன்றாட்டு ஒன்று இருந்தது. யாருடைய பாவங்கள் என்று நம்மில் பலர் அன்று யோசித்திருக்கமாட்டோம்.

அதே ஆண்டு செப்டம்பர் 17இல், பிரைட்டன்பெல்டு களத்தில் குஸ்தாவுஸ் அடால்புசு டில்லியின் படையைச் சிதறடித்தார். அந்தத் தோல்வியின் விளைவாக, ஸ்வீடனுடன் சேர்ந்திருந்த சாக்சன் படை நவம்பரில் பிராகாவுக்குள் நுழைந்தது. கார்மேல் துறவிகள் துரத்தப்பட்டார்கள். குழந்தை இயேசுவின் சுரூபம் கைகள் உடைந்த நிலையில் பீடத்தின் பின்னே எறியப்பட்டுக் கிடந்தது. சில ஆண்டுகளுக்குப் பின் சிரில் என்னும் துறவி அதைக் கண்டெடுத்தார் என்பதை நவநாள் புத்தகங்களில் வாசித்திருப்பீர்கள். அந்தக் கைகள் உடைந்ததற்கு முன்னால் மாக்டெபுர்க் இருக்கிறது என்பதைப் புத்தகங்கள் சொல்வதில்லை.

1632 ஏப்ரல் 15இல் லெக் நதிக்கரையில் ராயின் என்ற இடத்தில் குண்டடிபட்டு டில்லியின் தொடை சிதைந்தது. ஏப்ரல் 30இல் இங்கோல்ஸ்டாட் நகரில் அவர் இறந்தார். அவர் விரும்பி நேசித்த ஆல்ட்டோட்டிங்கில்தான் இன்று அவரது கல்லறை உள்ளது. பெட்டியில் ஒரு சிறு கண்ணாடி. அதன் வழியே மண்டையோட்டைப் பார்க்கலாம். திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் 2006இல் தம் ஆயர் மோதிரத்தை மாதாவுக்குக் காணிக்கையாக்கிய திருத்தலமும் இதுவே. மாக்டெபுர்க் பேராலயமோ இன்றும் லூத்தரன் மரபினரிடமே இருக்கிறது. 1994இல் அந்நகரில் மீண்டும் ஒரு கத்தோலிக்க மறைமாவட்டம் உருவானபோது, நம் ஆயருக்குப் புனித செபஸ்தியார் ஆலயம் பேராலயமானது.

அந்த இளைஞருக்கு அன்றைக்கு இதில் பாதியைத்தான் சொன்னோம். மீதியை அடுத்த வியாழக்கிழமை கேட்டு வாங்கிக்கொண்டார்.