அழுவதும் ஜெபம்தான்: மனச்சோர்வில் கிறிஸ்தவ நம்பிக்கை தரும் ஆறுதல்

ஞாயிறு ஆராதனை முடிந்து ஆலய வாசலில் யாராவது "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டால், பெரும்பாலோர் சொல்லும் பதில் ஒன்றுதான்: "கர்த்தர் கிருபையால் நல்லா இருக்கேன்."

முதல் நாள் இரவு முழுவதும் தூங்காமல் அழுதவரும் அதையே சொல்கிறார். உள்ளதைச் சொன்னால், "விசுவாசம் குறைந்துவிட்டது, ஜெபம் போதவில்லை" என்று பேசுவார்களோ என்ற பயம் அவருக்கு. வேலை போனவர், துணையை இழந்தவர், பிள்ளையோடு பேச்சு அற்றுப்போனவர் எனப் பலர் இந்தப் பயத்தோடுதான் ஆலயத்துக்கு வந்து போகிறார்கள்.

ஆனால், வேதாகமம் அப்படிப் பேசவில்லை.

புலம்பலுக்கும் இடம் உண்டு

புராட்டஸ்டன்டுகள் சங்கீதம் என்றும் கத்தோலிக்கர்கள் திருப்பாடல் என்றும் அழைக்கும் 150 பாடல்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல்தான். 13ஆம் சங்கீதம், இன்னும் எத்தனை காலம் என்று கடவுளிடமே நான்கு முறை கேட்கிறது. புலம்பல் பாடல்களில் பலவும் கடைசியில் நம்பிக்கைக்குத் திரும்பிவிடும். 88ஆம் சங்கீதமோ இருளிலேயே முடிகிறது. அதையும் நீக்காமல் ஜெப நூலில் வைத்திருக்கிறார்கள். துக்கத்தை மறைக்காமல் கொட்டுவதும் ஜெபமே என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

எலியாவுக்குக் கிடைத்த உதவி

எலியா பெரிய தீர்க்கதரிசி. யேசபேல் அரசியின் மிரட்டலுக்கு அஞ்சி வனாந்தரத்துக்கு ஓடியவர், ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, தன் உயிரை எடுத்துக்கொள்ளும்படி கடவுளிடம் கேட்டார்.

வந்த தேவதூதன் அவரைக் கண்டிக்கவில்லை, அறிவுரையும் சொல்லவில்லை. தணலில் சுட்ட அப்பத்தையும் தண்ணீரையும் கொடுத்தான். எலியா சாப்பிட்டுவிட்டு மீண்டும் தூங்கினார். தூதன் இரண்டாம் முறை எழுப்பியதும் சாப்பிடச் சொல்லத்தான். அதன்பிறகே பயணமும், ஓரேப் மலையில் மெல்லிய குரலில் உரையாடலும். பின்னர் எலிசா என்ற துணையும் கிடைத்தார்.

சோறு, தூக்கம், காது கொடுத்துக் கேட்பது, துணை. மனம் உடைந்தவர் வீட்டுக்கு ஜெபிக்கப் போகிறவர்கள் இந்த வரிசையை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

இயேசுவும் லாசருவின் கல்லறை அருகே அழுதார். கெத்செமனே தோட்டத்தில் துயரம் அழுத்தியபோது, மூன்று சீடர்களைத் தம்மோடு விழித்திருக்கக் கேட்டார். தங்கள் வலியைத் தாமும் அனுபவித்தவர் கேட்கிறார் என்பதே கிறிஸ்தவர்களுக்கு ஆறுதலின் வேர்.

ஆலயமும் மருத்துவரும்

சொல்ல வார்த்தை வராதபோது ஒரு சங்கீதத்தை வாய்விட்டு வாசிக்கலாம். நம்பிக்கையான ஒருவரிடம் மனம் திறக்கலாம். கத்தோலிக்கப் பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைக் குருவானவர் எவரிடமும் வெளியிடக் கூடாது. புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னம்மாள் ஆலயத்தின் ஜூலைத் திருவிழாவில் இந்துக்களும் மெழுகுவர்த்தி ஏற்றி வேண்டிக்கொள்கிறார்கள். பாரத்தை இறக்கிவைக்க ஓரிடம் எல்லாருக்கும் தேவைப்படுகிறது.

ஆனால், இரண்டு வாரங்களுக்கு மேல் தூக்கமின்மை, பசியின்மை, எதிலும் நாட்டமின்மை நீடித்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். மலேசியாவில் 16 வயதுக்கு மேற்பட்டோரில் 4.6 விழுக்காட்டினர், சுமார் 10 லட்சம் பேர், மனச்சோர்வுக்கு ஆளாகியிருப்பதை 2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு காட்டியது. மருந்து எடுப்பது விசுவாசக் குறைவு அல்ல. புதிய ஏற்பாட்டில் பவுலின் உடன் ஊழியரான லூக்காவே ஒரு வைத்தியர்தான்.

தற்கொலை முயற்சியைக் குற்றமாகக் கருதிய சட்டப் பிரிவும் 2023இல் நீக்கப்பட்டுவிட்டது. உதவி கேட்க இனி அஞ்ச வேண்டியதில்லை.

அடுத்த ஞாயிறு ஆலய வாசலில் "எப்படி இருக்கீங்க?" என்று கேட்பவர்கள், பதில் வரும்வரை சற்று நின்று கேட்டால் நல்லது.

*மன உளைச்சலில் இருப்போர் அழைக்கலாம்: பிஃப்ரெண்டர்ஸ் கோலாலம்பூர் 03-7627 2929; ஹீல் 15555; தாலியான் காசே 15999.*